கர்ப்பப்பையை எடுத்தாச்சு, ரிப்போர்ட் எங்கே?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவின் மகளிர் நல அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அரசு மருத்துவமனையில் பயாப்சி லேபில் இருபத்திரண்டு வருஷமாக டெக்னீஷியன். ஆபரேஷன் தியேட்டரில் எடுக்கிற சதை, கட்டி, கர்ப்பப்பை எல்லாம் பாட்டிலில் போட்டு எங்களிடம்தான் வரும். அதை மெழுகில் பதித்து, 3 அல்லது 4 மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடி மேல் ஏற்றி, சாயம் போட்டு, டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற மாதிரி தயார் பண்ணிக் கொடுக்க வேண்டும். ஒரு தலைமுடியை இருபது பங்காகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான் அந்தக் கனம். நோயாளியின் முகம் எங்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. பாட்டிலில் ஒட்டியிருக்கிற பேரும் வயசும்தான் தெரியும்.

தலைவி அக்கா போன மாசம் போன் பண்ணி, "கர்ப்பப்பை புற்றைப் பத்திப் பேசும்மா, ஆனா சனங்களை பயமுறுத்திடாதே" என்றார். பயமுறுத்த மாட்டேன். உடம்பிலிருந்து எடுக்கிற அந்தச் சதைத் துண்டு என்னவெல்லாம் சொல்லும், அதைக் கேட்காமல் விட்டால் என்ன போகும், இதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து "கர்ப்பப்பை புற்று" என்று சொல்லிவிடுகிறோம். அது ரெண்டு. ஒன்று கர்ப்பப்பையின் வாயில் வருவது. அது பெரும்பாலும் ஒரு வைரஸ் கிருமியால் வருகிறது. முகாமில் வினிகர் மாதிரி ஒரு தண்ணியைத் தடவிப் பார்க்கிறார்களே, அது இதைக் கண்டுபிடிக்கத்தான். இன்னொன்று கர்ப்பப்பைக்கு உள்ளே, மாதாமாதம் வளர்ந்து உதிர்கிற உள்சவ்வில் வருவது. இது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பிறகு வரும். முகாமில் செய்கிற சோதனை இதைக் கண்டுபிடிக்கிற சோதனை இல்லை. "போன வருஷம் முகாம்ல பார்த்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்று இருந்துவிடக் கூடாது. இன்றைக்கு நான் பேசுவது இந்த ரெண்டாவது புற்றைப் பற்றி.

இதில் ஒரு நல்ல விஷயம், இது சத்தமில்லாமல் வருவது குறைவு. இந்த நோய் வந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் படுகிறது. அப்படி ரத்தம் பட்ட எல்லோருக்கும் புற்று இருக்குமா? இல்லை. நூறு பேரில் ஏறத்தாழ பத்துப் பேருக்குத்தான் இருக்கும். மற்றவர்களுக்குச் சவ்வு வறண்டு போயிருக்கும், சின்னச் சதை வளர்ச்சி இருக்கும், வேறு காரணமும் இருக்கும். ஆனால் அந்தப் பத்துப் பேரில் நாம் இருக்கிறோமா என்பது வீட்டில் உட்கார்ந்துகொண்டு தெரியாது. "சூடு பிடிச்சிருக்கு, வெந்தயம் சாப்பிட்டா சரியாயிடும்" என்று மூணு மாசம் போக்குவதுதான் நாங்கள் அடிக்கடி கேள்விப்படுவது. ஒரு சொட்டுப் பட்டாலும், ஒரே ஒரு தடவை பட்டாலும், போய்க் காட்டணும். மார்பகப் புற்றுக்காக டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். அந்த மாத்திரை மார்பகத்துக்கு நல்லது செய்தாலும் கர்ப்பப்பையின் உள்சவ்வைக் கொஞ்சம் தூண்டிவிடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் பட்டால் டாக்டரிடம் சொன்னால் போதும்.

இப்போது ஒரு நடந்த கதை. ஊர், பேர், ஆஸ்பத்திரி எதுவும் சொல்லப்போவதில்லை.

ஒரு அம்மா, 58 வயசு, நம்மைப் போல ஒரு குழுவில் உறுப்பினர். மாதவிடாய் நின்று ஏழு வருஷம் கழித்து ரத்தம் பட்டிருக்கிறது. பக்கத்து டவுனில் ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குப் போனார். ஸ்கேன் பார்த்தார்கள். "பை வீங்கியிருக்கு, எடுத்துட்டா தொல்லை விட்டுச்சு" என்றார்கள். குழுவில் உள்கடன், கொழுந்தனார் கொடுத்தது, ஒரு தோடு, எல்லாம் சேர்த்துக் கட்டி ஆபரேஷன் முடிந்தது. அஞ்சாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஒன்றரை வருஷம் நன்றாக இருந்தார். மறுபடியும் ரத்தம். கர்ப்பப்பையே இல்லாதவருக்கு ரத்தம் எங்கிருந்து வரும்? பை இருந்த இடத்தில், பிறப்புறுப்பின் மேல்முனையில், கட்டி திரும்ப வந்திருந்தது.

எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். அந்தக் கட்டியில் சின்னத் துண்டு எடுத்து எங்கள் லேபுக்கு அனுப்பினார்கள். எங்கள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பழைய பயாப்சி ரிப்போர்ட் எங்கே? பழைய மெழுகுக்கட்டி எந்த லேபில் இருக்கிறது?" மகள் அந்த நர்சிங் ஹோமுக்கு மூணு தடவை போய் வந்தாள். கடைசியில் எங்கள் கவுண்டரில் நின்று என்னிடம் சொன்னாள்: "அக்கா, சோதனைக்கே அனுப்பலையாம். எடுத்ததைத் தட்டுல வச்சு எங்க அப்பாகிட்ட காட்டினாங்க, அவ்வளவுதான்."

எடுத்த பையைத் தட்டில் வைத்து வீட்டாருக்குக் காட்டுவது பல இடங்களில் நடக்கிறது. பார்த்த நமக்கும் ஒரு திருப்தி. ஆனால் வெறும் கண்ணால் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. புற்று சவ்வோடு நின்றதா, தசைச் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியது, என்ன ரகம், ஆபரேஷனுக்குப் பின் கதிர்வீச்சு வேணுமா வேண்டாமா, எல்லாம் அந்தப் பையில் எழுதியிருந்தது. படிக்காமலே குப்பைக்குப் போய்விட்டது.

அந்தத் துண்டு இன்றைக்கு இன்னும் கூடுதலாகச் சொல்லும். அதற்கு என்சைம் என்ற சொல்லைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளணும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நொதி என்று போட்டிருக்கும். உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த சரக்குதான். சத்துமாவுக்குக் கேழ்வரகை முளைகட்டி அரைக்கிறோம். முளைகட்டாத மாவில் கஞ்சி வைத்தால் கெட்டியாக நிற்கும். முளைகட்டின மாவில் வைத்தால் இளகும், லேசாக இனிக்கும். முளை விடும்போது தானியத்துக்குள் ஒரு என்சைம் உண்டாகி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. முத்தின ஆட்டுக்கறியில் பப்பாளிக்காய் போட்டால் வெந்துவிடுகிறதே, அதுவும் என்சைம் வேலைதான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இப்படி ஆயிரக்கணக்கான வேலையாட்கள் இருக்கிறார்கள். ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றுவார்கள், வெட்டுவார்கள், ஒட்டுவார்கள்.

கர்ப்பப்பைக்குச் சம்பந்தப்பட்ட ஒரு வேலையாள் அரோமடேஸ். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன்தான் கர்ப்பப்பைச் சவ்வை வளரச் சொல்லும். மாதவிடாய் நின்றதும் சினைப்பை அதைச் சுரப்பதை நிறுத்திவிடும். ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பில் இந்த அரோமடேஸ் உட்கார்ந்துகொண்டு, வேறொரு ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். கொழுப்பு அதிகமானால் மாற்றுவதும் அதிகம். சவ்வின் வளர்ச்சியை அடக்குகிற புரோஜெஸ்டிரோன் அப்போது இருக்காது. வளர் வளர் என்று ஒரு குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் சவ்வு தடித்துக்கொண்டே போகும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்தப் புற்று அதிகம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புற்றுத் திசுவிலேயே, புற்றுச் செல்லைச் சுற்றியுள்ள பகுதியிலும் இந்த என்சைம் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த என்சைமை அடக்கினால் புற்று அடங்குமே என்று உங்களுக்குத் தோன்றும். ஆராய்ச்சி செய்தவர்களுக்கும் தோன்றியது. லெட்ரோசோல் என்ற மாத்திரை அதைத்தான் செய்கிறது. மார்பகப் புற்றில் அது நன்றாகவே கைகொடுக்கிறது. ஆனால் முற்றிய கர்ப்பப்பைப் புற்றில் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுகிறது. என்சைம் இருக்கிறது என்பதால் மட்டும் மருந்து வேலை செய்துவிடாது. அது உண்டாக்குகிற ஹார்மோனை வாங்கிக்கொள்ள செல்லில் ஏற்பி, அதாவது ரிசப்டர், இருக்கணும். அதனால் எங்கள் லேபில் அன்றாடம் சாயம் போட்டுப் பார்ப்பது அரோமடேஸை அல்ல, ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரையும் புரோஜெஸ்டிரோன் ரிசப்டரையும்தான். பேப்பரில் "புற்றுநோயை அடக்கும் புது என்சைம்" என்று செய்தி வந்தால் நான் அவ்வளவு சீக்கிரம் துள்ள மாட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி நிறையப் பார்த்துவிட்டேன்.

குழந்தை இல்லாத இளம்பெண்கள் சிலருக்கும் இந்தப் புற்று வருகிறது. சவ்வோடு நிற்கிற, மெதுவாக வளர்கிற ரகமாக இருந்தால், பையை எடுக்காமல் புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ, ஹார்மோன் உள்ள காப்பர்-டி மாதிரியான கருவியோ வைத்துப் பார்க்கிறார்கள். புரோஜெஸ்டிரோன் உள்ளே போய்ச் செய்கிற வேலைகளில் ஒன்று, வேறொரு என்சைமை எழுப்பிவிடுவது. அது வீரியமான ஈஸ்ட்ரோஜனை வீரியம் குறைந்ததாக மாற்றிவிடும். இந்த வைத்தியத்தில் சில மாசத்துக்கு ஒரு தடவை மறுபடி துண்டு எடுத்துச் சோதிக்கணும். "சரியாப் போச்சு" என்று பாதியில் போகாமல் இருந்துவிடக் கூடாது.

அடுத்தது கணக்கு எழுதுகிற என்சைம்கள். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். செல் ரெண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்கணும். நோட்டில் இருப்பதைப் பேரேட்டுக்கு ஏற்றுகிற மாதிரி. நகல் எடுக்கிற எழுத்தருக்கு போல் என்று சுருக்கப் பெயர். அவர் கையிலேயே அழிரப்பரும் இருக்கும், தப்பு எழுதினால் உடனே அழித்துத் திருத்துவார். அவருக்குப் பின்னால் தணிக்கையாளர்கள் நாலு பேர்: எம்.எல்.எச். 1, பி.எம்.எஸ். 2, எம்.எஸ்.எச். 2, எம்.எஸ்.எச். 6. விட்டுப்போன தப்பை இவர்கள் பிடிப்பார்கள். கர்ப்பப்பைச் சவ்வுப் புற்றுகளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் தணிக்கை நின்றுபோயிருக்கிறது.

2013இல் அமெரிக்காவில் 373 பெண்களின் கட்டிகளை எடுத்து முழு ஜீன் கணக்கையும் பார்த்தார்கள். மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரிந்த புற்று, உள்ளே நாலு வகையாக இருந்தது. அழிரப்பர் கெட்டுப்போன வகை ஒன்று, தணிக்கை நின்றுபோன வகை ஒன்று, பி53 என்கிற காவல்காரர் கெட்டுப்போன வகை ஒன்று, இதெதுவும் இல்லாதது ஒன்று. இதனால் என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், போர்டெக்-3 என்கிற ஆய்வு பதில் சொன்னது. நெதர்லாந்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா உட்படப் பல நாட்டுப் பெண்கள், எல்லோருமே ஆபத்து அதிகம் என்று டாக்டர்கள் கருதியவர்கள். அவர்களின் கட்டித் துண்டுகளைத் திரும்ப எடுத்துச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். எழுத்தரின் அழிரப்பர் கெட்ட வகையில், அஞ்சு வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 98 பேர். காவல்காரர் கெட்ட வகையில் 48 பேர். அந்த ரெண்டாவது வகையிலும், கதிர்வீச்சோடு கீமோவும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 59 பேர், கதிர்வீச்சு மட்டும் கொடுத்தவர்களில் 36 பேர்.

இந்த வித்தியாசத்தைப் பாருங்கள். ஒருவருக்குக் கீமோ உயிரைக் காப்பாற்றும். இன்னொருவருக்கு அந்தக் கீமோ தேவைப்படாமலே போகலாம். முடி கொட்டுவதும் வாந்தியும் கடனும்தான் மிச்சமாகும். அழிரப்பர் கெட்டால் தப்பு கூடத்தானே செய்யும், பின்னே எப்படி நல்லது என்று ஒரு தங்கை முகத்தைச் சுளிக்கிறாள். நல்ல கேள்வி. தப்பு ஆயிரக்கணக்கில் கூடிப்போவதால் அந்தச் செல் அடையாளமே மாறிப்போய்விடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை வேற்றாள் என்று சுலபமாகக் கண்டுபிடித்துத் தாக்கும். தணிக்கை நின்றுபோன வகையிலும் இதே சூட்சுமத்தில்தான் புது மருந்துகள் வந்திருக்கின்றன. டோஸ்டார்லிமாப், பெம்ப்ரோலிசுமாப் என்று பேர். நோய் பரவியவர்களுக்கும் திரும்பி வந்தவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிற ஊசிகள். 2023இல் வந்த ஆய்வுகளில், கீமோவோடு சேர்த்தபோது இந்த வகைக்காரர்களுக்குத்தான் அதிகப் பலன் தெரிந்தது. விலை லட்சக்கணக்கில். அதனால்தான் சொல்கிறேன், யாருக்கு வேலை செய்யும் என்று திசுவில் பார்க்காமல் நிலத்தை விற்கக் கூடாது.

தணிக்கையாளர் நாலு பேரும் இருக்கிறார்களா என்று பார்க்கிற வேலை எங்களுடையது. அதற்குப் பேர் ஐ.எச்.சி. ஆள் இருக்கிற செல் பழுப்பாகத் தெரியும், இல்லாத செல் நீலமாக நிற்கும். அந்தப் பழுப்பு நிறத்தை வரவழைப்பதும் ஒரு என்சைம்தான். குதிரை முள்ளங்கி என்று வெளிநாட்டில் ஒரு காரமான கிழங்கு, நம் முள்ளங்கி, கடுகு சாதிதான், அதிலிருந்து எடுக்கிறார்கள்.

இந்த நிறம் சரியாக ஏற ஒரு நிபந்தனை இருக்கிறது. உடம்பிலிருந்து எடுத்த துண்டை உடனே ஃபார்மலினில் போடணும். துண்டு எவ்வளவோ அதைப்போல் பத்து மடங்கு திரவம் இருக்கணும். சில இடங்களில் சலைன் தண்ணியில் போட்டு, "இதைக் கொண்டுபோய் லேப்ல கொடுங்க" என்று புருஷன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவர் பஸ் பிடித்து, வேலையை முடித்து, மறுநாள் கொண்டுவருவார். அதற்குள் திசு அழுகத் தொடங்கிவிடும். நோயுள்ள செல்லில் நிறம் ஏறாவிட்டாலும் பக்கத்து நல்ல செல்லில் ஏறணும். ரெண்டிலும் ஏறவில்லை என்றால் சோதனையே செல்லாது. உங்கள் கையில் பாட்டில் கொடுத்தால், "இது ஃபார்மலினா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மூக்கை எரிக்கும் வாடை வரும், ஆனால் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டாம். அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

அந்த அம்மா கதையைப் பாதியில் விட்டேன். திரும்பி வந்த கட்டியின் துண்டில் நாங்கள் ஐ.எச்.சி. போட்டோம். எம்.எஸ்.எச். 2, எம்.எஸ்.எச். 6 ரெண்டும் இல்லை. தணிக்கை நின்றுபோன பெண்களில் பெரும்பாலோருக்கு அது பரம்பரையாக வந்தது இல்லை, கட்டியில் மட்டும் நடந்தது. ஆனால் இந்த ரெண்டும் சேர்ந்து இல்லாமல்போனால் பரம்பரையாக இருக்கலாம் என்று சந்தேகப்படணும். அதற்கு லிஞ்ச் என்று பேர். விசாரித்தால், அந்த அம்மாவின் தம்பி நாற்பத்து மூணு வயசில் குடல் புற்றில் போயிருக்கிறார். ரத்தச் சோதனையில் உறுதியானது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளுக்கும் சோதித்தார்கள். அவளுக்கும் இருக்கிறது.

அவளுக்கு 34 வயசு, நோய் எதுவும் வரவில்லை. இப்போது குறிப்பிட்ட இடைவெளியில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள், சதை வளர்ந்தால் புற்றாக மாறும் முன்னே எடுத்துவிடலாம். கர்ப்பப்பைக்கும் டாக்டர் யோசனைப்படி நடக்கிறாள். அம்மாவுக்குக் கதிர்வீச்சு முடிந்து செக்கப்புக்கு வந்து போகிறார். முதல் ஆபரேஷன் அன்றைக்கே அந்தப் பையைச் சோதித்திருந்தால் அம்மாவுக்கும் ஒன்றரை வருஷம் முன்னாடியே தெரிந்திருக்கும், மகளுக்கும் தெரிந்திருக்கும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. கார்டு எடுக்காதவர்கள் இந்த மாசமே எடுங்கள், படுக்கையில் விழுந்த பிறகு அலைய முடியாது. ஐ.எச்.சி. சோதனை எந்தக் கணக்கில் வரும் என்று ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டு மேசையில் கேளுங்கள். எழுத்தரின் அழிரப்பரைப் பார்ப்பது ஜீன் சோதனை, அது எல்லா ஊரிலும் இல்லை, செலவும் அதிகம். தணிக்கையாளர் நாலு பேரையும் பி53யையும் ஹார்மோன் ரிசப்டரையும் பார்ப்பது சாயச் சோதனை, பெரிய அரசு மருத்துவமனை லேபுகளில் செய்யக்கூடியது.

குழுவில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு யாராவது உள்கடன் கேட்டால் உடனே கொடுங்கள். ரிப்போர்ட் இருந்தால்தான் கடன் என்று தீர்மானம் போட்டுவிடாதீர்கள், அது அவர்கள் அந்தரங்கம். ஆனால் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது ஊக்குநர் ரெண்டு கேள்வி கேட்கலாம். "எடுக்கிறதுக்கு முந்தி உள்சவ்வுல துண்டு எடுத்துப் பார்த்தாங்களா?" "எடுத்த பையை எந்த லேபுக்கு அனுப்பப் போறாங்க?" ஆபரேஷன் முடிந்து வருகிறவரிடம் பயாப்சி நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த நம்பர் இருந்தால் மெழுகுக்கட்டியை லேபில் தேடி எடுத்துவிடலாம். வருஷங்கள் கழித்தும் அதில் புதுச் சோதனை போடலாம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகலாம். பழைய ரிப்போர்ட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள், பரணில் போடாதீர்கள்.

டீ வந்துவிட்டது என்று செயலாளர் அக்கா சைகை காட்டுகிறார். அந்த ஓர மேசையில் ஒரு மைக்ராஸ்கோப் வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு வைத்திருக்கிற கண்ணாடித் துண்டு ரெண்டு இருக்கிறது, பேர் எதுவும் இல்லாதது. ஒன்றில் செல்லெல்லாம் பழுப்பு, இன்னொன்றில் நடுவில் மட்டும் நீலம். டீயைக் குடித்துவிட்டு வந்து பாருங்கள். கண்ணாடி போட்டிருக்கிறவர்கள் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், நான் பக்கத்தில் நின்று ஃபோகஸ் பண்ணிக் கொடுக்கிறேன்.